சித்தப்பா பிடித்த கொடி

என் சித்தப்பாவுக்கு விமானத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அவருக்குக் கிடைத்தது விமானத்துக்குக் கீழே வேலை. ஆனால் மேலேயா கீழேயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

அந்த வருடம் ஐயம்பேட்டையைச் சுற்றியிருந்த கழனிகளில் எல்லாம் புகையான் பூச்சி விழுந்திருந்தது. பச்சையாக நின்ற பயிர் நெருப்பு பட்டதுபோல் வட்டவட்டமாகக் காய்ந்துகொண்டு வந்தது. கையால் மருந்தடித்து ஓய்ந்துபோனபின், விமானத்தில் வந்து அடிக்கப் போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். கிணற்றை மூடி வையுங்கள், மாட்டை அவிழ்க்காதீர்கள், கழனிப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று தண்டோராக்காரர் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார். எங்களுக்கு மூட வேண்டிய கிணறும் இல்லை, கட்டி வைக்க மாடும் இல்லை. நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். வீட்டுக்குள் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. நெல்லுக்கு வந்த நோய் எங்களை ஒன்றும் செய்திருக்காது, சித்தப்பா மட்டும் அன்றைக்கு விமானம் இறங்குவதை வேடிக்கை பார்க்கப் போகாமல் இருந்திருந்தால்.

ஏரிக்கு அப்பால் புதரை வெட்டிச் சமமாக்கிய பொட்டலில் அது இறங்கியது. மஞ்சள் நிறம். ஒரே ஒரு ஆள் உட்கார இடம். பெரிய பஸ்ஸைப் பார்த்துப் பழகிய எனக்கு, இவ்வளவு தூரம் பறந்து வருகிற பொருள் இத்தனை சின்னதாக இருந்தது ஏமாற்றமாகத்தான் இருந்தது. சித்தப்பாவுக்கு அப்படி இல்லை. போனவர் இருட்டும்வரை வீடு திரும்பவில்லை. திரும்பியபோது கையில் ஒரு நீள மூங்கிலும் அதன் நுனியில் சிவப்புத் துணியும் இருந்தன.

"அண்ணி, கொடி புடிக்கிற வேலை குடுத்துட்டாங்க," என்றார் அம்மாவிடம். அப்பாவிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லை.

விமானம் தென்னை மர உயரத்துக்கும் கீழே இறங்கி வந்து மருந்து தெளிக்கும். எந்த வரிசையில் வர வேண்டும், எங்கே நிறுத்திவிட்டு மேலே ஏற வேண்டும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரிய, கழனியின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு ஆள் கொடியோடு நிற்க வேண்டும். அதுதான் வேலை. விமானம் தலைக்கு மேலே போகும்போது உட்கார்ந்துகொண்டு துண்டால் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஊர்ல மரம் இல்லியா, கட்டி வுட? கொடி புடிக்க நம்ம வூட்டு ஆளுதான் கெடச்சானா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் சித்தப்பாவின் தறி சும்மா கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் கிடந்தது.

விமானம் ஓட்டுகிறவரை ஒருநாள் சித்தப்பா வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், நடுநடுவே தெலுங்கு கலந்து. எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற நெசவுக்காரர்களும் இருந்ததால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, தறிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அப்பா நெய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாராவது நெய்வதைப் பார்த்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. அன்றைக்கு ஏனோ ஒன்றும் சொல்லாமல் நூல் நாடாவை இப்படியும் அப்படியும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான்தான் கேட்டேன், "மேலேருந்து பாத்தா காஞ்சிபுரம் கோபுரமெல்லாம் தெரியுமா?"

"தெரியும் பாப்பா. எல்லாம் உப்புக் குவிச்ச மாதிரி சின்னச் சின்னதா தெரியும்."

"எங்க வூடு?"

"உங்க சித்தப்பா தெரியுவார். எனக்கு அது போதும்."

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த நாளில்கூட அவர் அப்படி வெட்கப்பட்டதில்லை. நெல்லூர்க்காரர் போனபின் அப்பா, "ஆளு நல்ல ஆளாத்தான் இருக்காரு," என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, "வேலைதான் வேலையில்லாத வேலை," என்று சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் தூறல் பிடித்துக்கொண்டது. தூறலில் மருந்தடித்தால் கரைந்து ஓடிவிடும் என்று விமானத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் வேலை நின்றது. ஒரு கல்யாணப் புடவைக்கான பாவு தயாராக இருந்தது. புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகளின் மொத்தக் கட்டுதான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, காய்ந்தவுடன் சுருட்ட வேண்டும். மழையில் முடியாது, உச்சி வெயிலிலும் முடியாது. வானம் வெளுத்த ஒரு காலை வேண்டும். அப்பாவும் நெல்லூர்க்காரரும் அந்த ஒரு காலைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள்.

தூறல் விட்ட சாயங்காலம் சித்தப்பா சாப்பிடும்போது சொன்னார்: "நாளைக்கு ஏரி ஓரத்துக் கழனி. புதுசா ஒரு பம்புசெட்டுக்குக் கரண்ட் கம்பி இழுத்துருக்காங்க. நேரா குறுக்கால போவுது. அவரும் நானும் நடந்துபோய்ப் பாத்துட்டு வந்தோம். கம்பிக்குக் கீழ நான் நிக்கணும். என் கொடியப் பாத்துதான் அவரு மேல ஏத்துவாரு."

"நாளைக்குப் பாவு," என்றார் அப்பா.

"காலையில சீக்கிரமா—"

"பாவு."

பக்கத்து வீட்டில் எப்போதும் ஒத்தாசைக்கு வருகிறவர் காய்ச்சலில் படுத்திருந்தார். பாவின் கடைசியைப் பிடித்து நிற்க வலுவான ஆள் இல்லை என்பது சித்தப்பாவுக்கும் தெரியும்.

மறுநாள் விடியலில் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. தெருவே கூடிவிட்டது. அறுந்த இழையைத் தேடிக்கொண்டு இரண்டு பக்கமும் பெண்கள் நடந்தார்கள். நான் கஞ்சிப் பாத்திரத்தோடு அம்மாவின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். பட்டு, காலை வெயிலில் ஈரத்தோடு மின்னியது. ஒரு முனையில் அப்பா, மறு முனையில் சித்தப்பா. சித்தப்பாவின் மூங்கில் கொடி வாசல் சுவரில் சாய்ந்திருந்தது.

ஏரிக்கு அப்பாலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது.

"அண்ணா, கெளப்பிட்டாங்க!"

"உன்னப் பாக்காம எப்படிக் கெளப்புவாரு? சும்மா ஓட்டிப் பாப்பாரு. இழுத்துப் புடி."

"நான் நேரா கழனிக்குத்தான் போவேன்னு அவங்களுக்குத் தெரியும். அங்க நிக்கிறேன்னு நெனச்சுக்குவாங்க."

"கஞ்சி காஞ்சதும் ஓடிடு. இதோ காஞ்சுக்கினு வருது பாரு."

சித்தப்பா பிடியை விடவில்லை. ஆனால் அவர் பாவைப் பார்க்கவில்லை. ஏரி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் ஒருமுறை நெருங்கி வந்து விலகியது. மறுபடி நெருங்கியது. டீக்கடை ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நெருங்கி வந்த சத்தம் இந்த முறை விலகவில்லை. ஏதோ தகரத்தைக் கிழித்ததுபோல் ஒரு ஒலி. பிறகு தரை அதிர்ந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது. ரேடியோவில் பாட்டு பாதியில் அறுந்து நின்றது.

எல்லோரும் அப்படியே நின்றோம். பாவை முதலில் கீழே விட்டது சித்தப்பா அல்ல, அப்பாதான். ஈரப் பட்டு தெருச் சேற்றில் நீளமாக விழுந்ததை நான் பார்த்தேன். ஒரு இழை அறுந்தால் வீடே அமைதியாகிவிடும் அளவுக்குக் கோபப்படுகிற அப்பா, அதை மிதித்துக்கொண்டே ஓடினார். சித்தப்பா அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்தபடி, "குடத்துல தண்ணி எடுத்துக்கினு வாங்கடி!" என்று பெண்களைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடினாள்.

நாங்கள் கரைமேல் ஏறியபோது விமானம் ஏரியின் ஓரத் தண்ணீரில் தலைகுப்புறக் கிடந்தது. சக்கரங்கள் இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் பால் கலந்ததுபோல் வெள்ளையாக மாறிக்கொண்டிருந்தது. மூக்கை அறுக்கிற மருந்து நெடி. கழனி வேலைக்காரர்கள் ஒரு கூட்டம் கரையிலேயே நின்றது. ஒருவரும் இறங்கவில்லை.

"கம்பி அறுந்து தண்ணிலதான் கெடக்குது! எறங்காதீங்கபா!" என்று யாரோ கத்தினார்கள்.

சித்தப்பா நிற்கவே இல்லை. ஓடி வந்த வேகத்திலேயே குதித்தார். அப்பா அவர் சட்டையைப் பிடித்தார். பிடித்த துணி கிழிந்து கையோடு வந்தது. அப்பா ஒரு நொடி அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு அவரும் இறங்கினார். அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

கரண்ட் நின்றுபோயிருந்தது. டீக்கடை ரேடியோ பாதியில் நின்றது அதனால்தான். ஆனால் குதிக்கும்போது அது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

நெல்லூர்க்காரர் இருக்கையின் வார்ப்பட்டையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் புருவம்வரை வந்திருந்தது. சித்தப்பா அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அப்பா இடுப்பில் செருகியிருந்த நூல் வெட்டுகிற கத்தியால் பட்டையை அறுத்தார். பட்டு இழைக்கான கத்தி. அந்தத் தடித்த பட்டை சுலபத்தில் அறுபடவில்லை. அறுக்கும் நேரமெல்லாம் சித்தப்பா, "சார், சார், நான்தான் சார், வந்துட்டேன் சார்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கரைக்குத் தூக்கி வந்ததும் பெண்கள் மூன்று பேர்மேலும் குடம்குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். அம்மா தன் முந்தானையால் நெல்லூர்க்காரரின் கண்களைத் துடைத்தாள். அவர் கால் ஒன்று இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஜீப் வந்து அவரைக் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று.

அன்று முழுக்க அப்பாவும் சித்தப்பாவும் வாந்தி எடுத்தார்கள். பிறகு சரியாகிவிட்டது. ஏரியில் மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. சேற்றில் விழுந்த பாவை அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அலசிப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் உதவவில்லை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விமானத்தைப் பற்றிப் பேச ஊர் முழுக்க ஆட்கள் வந்துபோனார்கள். எங்கள் தெருவில் மட்டும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தால் தெருக்கோடிவரை பேசுகிற தெரு அது. அத்தனை பேரும் பாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். அவர்களுக்கு விமானம் அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

சில நாள் கழித்து அப்பாவும் சித்தப்பாவும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். விசாரணைக்கு அதிகாரிகள் வருகிறார்கள், கொடி பிடித்தவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஆள் வந்து சொல்லியிருந்தார். நானும் வருவேன் என்று அழுததில், ரசம் சாதம் இருந்த தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்து அம்மா அனுப்பிவைத்தாள்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம். எனக்குப் பின்னால் அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நான்தான் புடிச்சி வெச்சேன்னு நானே சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காதே," என்றார் அப்பா.

"நீ சொன்னேன்னு நான் நின்னேனா? போவணும்னா போயிருப்பேண்ணா. எனக்குத்தானே தெரியும் அங்க கம்பி இருக்குதுன்னு."

"சின்னவன்டா நீ. இனிமேதான் உனக்குக் கல்யாணம் காட்சி எல்லாம் இருக்குது. போலீசு கேசுன்னு ஆச்சுன்னா?"

"உனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எதற்குச் சண்டை என்று மட்டும் விளங்கவில்லை.

நெல்லூர்க்காரர் காலுக்குக் கட்டு போட்டு, தலையைச் சுற்றித் துணி சுற்றிப் படுத்திருந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும் இருந்தார்கள். அதிகாரி எங்களைத் திரும்பிப் பார்த்து, "யாருயா கொடி புடிச்சது?" என்று கேட்டார்.

அப்பா ஒரு அடி முன்னால் போய், "ஐயா, அன்னிக்கு என்ன ஆச்சின்னா—" என்று ஆரம்பித்தார்.

"இவர்தான் சார்," என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. நெல்லூர்க்காரர் சித்தப்பாவைக் கையால் காட்டினார். "கம்பிக்குக் கீழேதான் நின்னார். கொடி நல்லாத் தெரிஞ்சது. மழைவிட்ட வெயில், நேரா கண்ல அடிச்சிது. மேலே ஏத்த நான்தான் லேட் பண்ணிட்டேன். தப்பு என்னுது சார்."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. எழுதிட்டா எழுதினதுதான். உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எழுதிக்கோங்க சார். அசையாம நின்னார்."

எனக்குத் தாங்கவில்லை. "இல்ல, சித்தப்பா அன்னிக்கு எங்ககூடத்தான்—"

"பாப்பா!" என்றார் நெல்லூர்க்காரர். "தூக்குல என்ன கொண்டாந்தே?"

"ரசம் சாதம்."

"இங்க கொண்டா. பசி உயிர் போவுது. கூட என்ன, அப்பளமா?"

"வடாம்," என்றேன். வடாத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததில், சொல்ல வந்தது போய்விட்டது.

அதிகாரிகள் போய்விட்டார்கள். சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. அப்பா கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், கட்டுப் போடாத காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயிலில்கூட நிமிர்ந்து நின்று கும்பிடுகிறவர் அவர்.

"என்ன அண்ணா இது, விடுங்க," என்றார் நெல்லூர்க்காரர். கொஞ்சம் பொறுத்து, "ஏரியிலே கம்பி கெடந்துச்சுன்னாங்களே?" என்று கேட்டார்.

அப்பா போர்வையை இழுத்து அவர் காலை மூடினார்.

அந்த ஒரு பேச்சினால் அவரை மறுபடி விமானத்தில் ஏற விடவில்லை என்று வெகுநாள் கழித்து அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். நெல்லூரில் லாரி வைத்துப் பிழைத்தாராம். அந்தக் காலைக் கடைசிவரை கொஞ்சம் சாய்த்துத்தான் நடந்தாராம். சித்தப்பா கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மணமேடையில் இருந்த சித்தப்பாவைப் பார்த்து அவர் கையைத் தூக்கி ஆட்டியது எனக்கு நினைவிருக்கிறது. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு வீடு திரும்பும்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான். தலையில் அடிபட்டதில் அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. இல்லாத ஆளை இருந்ததாகச் சொல்கிறார். அப்பாவும் சித்தப்பாவும் பெரியவர்களாக இருந்துகொண்டு, பாவம் நோயாளி மனசு கஷ்டப்படும் என்று அதைத் திருத்தாமல் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் தோழிகளிடம் சொன்னபோது அவர்களும் உச்சுக்கொட்டினார்கள். பரீட்சை நேரத்தில் ஞாபகசக்திக்கு எங்கள் வீட்டில் வல்லாரைத் துவையல் அரைப்பார்கள். அதை அவருக்குக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அம்மாவிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். வல்லாரையைத் தேடி வாங்கி வந்தவர் அப்பா.

அடுத்த முறை போனபோது தூக்கை நானே திறந்து வைத்தேன். "இத முழுசா சாப்பிடுங்க. எல்லாம் சரியா ஞாபகம் வந்துடும்," என்றேன். அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்க்க ஆரம்பித்தார். நெல்லூர்க்காரர் தூக்கை வாங்கிக்கொண்டார். சாதத்தில் பிசைந்து, கசக்கிறது என்று முகம்கூடச் சுளிக்காமல், பாத்திரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்தார்.

"ஆங், இப்போ எல்லாம் ஞாபகம் வந்துட்டுது பாப்பா."

"அப்ப சொல்லுங்க. அன்னிக்குக் கம்பிக்குக் கீழ யாரு கொடி புடிச்சது?"

"உங்க சித்தப்பாதான்."

வீட்டுக்கு வந்ததும் காலி தூக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் பரீட்சைக்கு எனக்கு வல்லாரை அரைக்க வேண்டாம், அதில் ஒன்றுமில்லை என்று சொன்னேன்.